ஐப்பசிக் கிழங்கு

பிள்ளையைப் புதைத்து ஆறு மாதமாகியும் சாந்தம்மாளுக்குப் பால் வற்றவில்லை. ஏலக்காட்டில் காய் பறித்துவிட்டு வரும்போது அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருக்கும். மழை என்றுதான் அவள் புருஷன் பழனிச்சாமி முதலில் நினைத்தான். ஆனால் அன்று மழையே இல்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்து வாசலில் அவள் கடந்து போனபோது பச்சைப்பால் வாடை அடித்தது. அதற்குள்ளே ஈரமண் வாடையும் இருந்தது.

சக்குபள்ளத்து மலையில் தொழிலாளி வீட்டுக் குழந்தை செத்தால் ஓடைக்கரையில்தான் புதைப்பார்கள். ஆழத் தோண்டினால் பாறை. மேலாகப் புதைத்தால் காட்டுப்பன்றி கிளறிவிடும். முந்தின வருடம் யாருடைய குழந்தையின் துணியோ பாதையில் கிடந்ததை அவனே எடுத்து மண்போட்டு மூடியிருக்கிறான். அதனால்தான் சித்திரையில் தன் நாலு மாதப் பெண் காய்ச்சலில் போனபோது, யாரையும் கேட்காமல் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பாத்தியில் புதைத்தான். பங்களாத் தோட்டக்காரர் மத்தியாஸ் நாலு கிழங்கு கொடுத்தார். வெங்காயம் போலத் தோல் தோலாக, கைப்பிடி அளவு.

"ஐப்பசில பூக்குற சாதிடா இது. இலையே இருக்காது. மொட்டத் தண்டு வந்து உச்சியில செவப்பாப் பூக்கும். வெசக் கெழங்கு, பன்னி மோந்து பாத்துட்டு ஓடிரும். கழுத்து வெளிய தெரியிற மாதிரி வையி. அமுக்கிப் பொதைச்சிராத."

நாலு மூலைக்கும் ஒன்றாக வைத்தான். பன்றி வரவில்லை.

பால் கட்டி வலித்தபோது சாந்தம்மாள் பாத்தியோரம் குந்தி, கிழங்கின் கழுத்தில் பீய்ச்சினாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"அறிவிருக்காடி ஒனக்கு? செவுத்துல பீச்சு, இல்ல ஓடுற தண்ணில விடு. பொதைச்ச எடத்துலயே ஊத்துனா அந்த உசுரு எப்பிடிடி போகும்?"

"போகலைன்னா இருக்கட்டும்க்கா."

பழனிச்சாமி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அழுவதற்கு அவளுக்குக் கிடைத்தது மூன்று நாள். நாலாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவள். இதையாவது செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

ஐப்பசியில் பூத்தது. நாலு மூலையில் மட்டுமில்லை. பாத்தி முழுக்க, நட்ட இடம் நடாத இடம் எல்லாம், இலையில்லாத தண்டுகள் நெருக்கியடித்து நின்றன. அத்தனையும் அடுப்படிப் பக்கமாகவே சாய்ந்திருந்தன. வெயில் விழுவது எதிர்ப்பக்கம். சாந்தம்மாள் அடுப்படியை விட்டுத் தெருக்குழாய்க்குப் போனால், மறுநாள் தண்டுகள் குழாய்ப் பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் உருகிக்கொண்டே வந்தாள். காறை எலும்புக் குழியில் தண்ணீர் நிற்கும் போலிருந்தது. வளையல் முழங்கைவரை ஏறியது. கம்பவுண்டர் சத்து மாத்திரை கொடுத்தார்.

"மாத்திர எதுக்குங்க? அதுக்குப் பசி ஜாஸ்தியாயிருச்சு, அம்புட்டுத்தேன்" என்றாள் புருஷனிடம், சோற்றைப் பிசைந்தபடி. உப்பு கம்மி என்று சொல்வது போலச் சொன்னாள்.

இவளையும் மண்ணில் வைக்கமுடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரேஷன் கடைக்குப் போனதும் மண்வெட்டியை எடுத்தான்.

பகல் பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கி, அடுத்த வீட்டுக் கூரையைத் தின்றிருந்தது. பூக்களை அரிந்து தள்ளினான். வெட்டுப்பட்ட தண்டுகளில் வெள்ளையாகக் கசிந்தது. பச்சைப்பால் வாடை குப்பென்று எழுந்தது. கிழங்குகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றின் வேரும் நடுவை நோக்கியே ஓடியது.

முழங்கால் ஆழம்.

அவன் சுற்றிப் புதைத்த வெள்ளைத்துண்டு வந்தது. உதறினான். ஒன்றுமில்லை. எலும்புகூட இல்லை.

அதற்குக் கீழே ஒரு கிழங்கு.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினான். இரண்டு கையும் வேண்டியிருந்தது. நாலு மாதக் கனம் அவன் கைக்கு மறக்கவில்லை. இது அதைவிடக் கூடுதல். நாலும் ஆறும் பத்து. பத்து மாதக் கனம்.

சூடாக இருந்தது.

பள்ளத்தாக்கு பத்தடி தூரம்தான். எறிந்தால் தீர்ந்தது. அவள் பிழைத்துவிடுவாள். விளிம்புவரை நடந்தான். கையை ஓங்கினான்.

அடியில் தொங்கிய வேர்களில் ஐந்து, வெள்ளையாக, மெல்ல மடங்கி அவன் விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.

இறுக்கமில்லை. விழாமலிருக்கப் பிடித்த பிடி.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"ஏங்க." பின்னால் சாந்தம்மாள். அரிசிப்பை அவள் காலடியில் கவிழ்ந்து கிடந்தது. "இந்தக் கூதல்ல வெறும் மேலோட வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே. இங்கிட்டுக் குடுங்க."

வெட்டிய மண்ணிலேயே உட்கார்ந்தாள். ரவிக்கையை நெகிழ்த்தினாள். அவன்தான் குனிந்து மடியில் வைத்தான். அவனேதான் வைத்தான்.

கழுத்து அவள் பக்கம் திரும்பியது.

சப்பும் சத்தம். நிறுத்தி, மூச்சுவிட்டு, மறுபடி. அவள் தாலாட்ட வாய் திறந்தாள், குரல் வரவில்லை. கன்னம் உள்ளே ஒட்டியது. இன்னும் ஒட்டியது. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது.

அவன் விரலை இழுத்தான். விடவில்லை.