பார்த்தவர்: திருமேனி

அன்று காலையும் மணிப்பள்ளத்தில் இறந்தவர்கள்தாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்குப் பாசித் தோட்டத்தில் வேலை இருந்தது.

மணிப்பள்ளம் என்பது வியாழனின் நிலவான காலிஸ்டோவில், பனிப்பாறைமேல் கவிழ்த்து வைத்தாற்போன்ற பன்னிரண்டு கண்ணாடிக் குமிழ்கள். குமிழுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு தொலைநோக்கி. விண்கற்கள் வந்து விழும் இடம் என்பதால், முதலில் குடியேறியவர்கள் காவலுக்கென்றே அந்தத் தொலைநோக்கிகளை நட்டார்கள். அவை தாமாகத் திரும்பும், தாமாகப் படம் எடுக்கும். ஒவ்வொரு படத்தின் தலையிலும் சில வரிகளை எழுதிவைக்கும்: எந்த நாள், எந்தத் திசை, என்ன தெரிந்தது, பார்த்தவர் யார். இந்த வரிகளுக்குத் தலைப்புரை என்று பெயர். பார்த்தவர் என்ற இடத்தில் வீட்டுத் தலைவரின் பெயர் இருக்கும்.

தலைவர் இறந்தால் மகன் தன் பெயரைப் போட வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் தகப்பன் பெயரை அழிக்க நல்ல மகனுக்குக் கை வருமா? அழிக்காமல் விட்டது முதலில் மரியாதையாக இருந்தது. பின்பு வழக்கமாகி, அந்த வழக்கமே வீட்டின் மானமாகவும் ஆயிற்று.

கிழக்குக் குமிழின் தலைவர் வச்சிரவேல் இதில் மிகக் கண்டிப்பானவர். அவருடைய தந்தை திருமேனி மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும், ஓர் இரவுகூட விடுபடாமல் வானம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வச்சிரவேலின் மகள் நப்பின்னைக்கு நிச்சயதார்த்தம். மணிப்பள்ளத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் இரு வீட்டாரும் ஒருவர் வீட்டுத் தலைப்புரைகளை மற்றவர் பார்ப்பார்கள். அதற்குத் திரட்டி என்றொரு பழைய கணினி நிரல் உண்டு. பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். லட்சக்கணக்கான படங்களின் தலைப்புரைகளைத் திறந்து, கேட்டதை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். ‘திரட்டு பார்த்தவர் கிழக்குக்குமிழ்’ என்று தட்டுவார்கள். இறந்தவரின் பெயர் இடைவெளி இல்லாமல் ஓடினால் அது நல்ல வீடு. நடுவில் வேறு சொல்லைப் போட்டுப் பார்த்தவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடும்படி வச்சிரவேல் மகளிடம் சொல்லியிருந்தார். ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்த நப்பின்னை, அவசரத்தில் நடுச்சொல்லை விட்டுவிட்டாள். திரட்டி பிழை என்று சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டியது.

பார்த்தவர்: திருமேனி. பொருள்: பெயரில்லாதது. ஒளி: இல்லை. வந்து சேரும் காலம்: மார்கழி நடுப்பகுதி. எச்சரிக்கை: பார்த்தவருக்கு அனுப்பப்பட்டது. பதில்: காத்திருக்கிறது.

அடுத்த வரியும் அதுவே; அதற்கடுத்ததும் அதுவே. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருந்த தூரம் என்ற எண் மட்டும் வரிக்கு வரி குறைந்துகொண்டே வந்தது. நப்பின்னை மேலே மேலே தள்ளினாள். ஆறு ஆண்டுகளாகத் தினமும் தாத்தாவுக்கு எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது.

பிறகு அவள், அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தாள். படங்களைத் திறந்தாள். அவற்றில் எதுவும் தெரியவில்லை. முகத்தைத் திரையருகே கொண்டுபோனாள். நெருங்கிக் கிடந்த விண்மீன்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் விண்மீன்களே இல்லை. பழைய படங்களில் அந்த இருட்டு மிளகளவு இருந்தது. பிறகு நெல்லிக்காயளவு. நேற்றைய படத்தில் கார்த்திகைக் கூட்டத்தில் இரண்டு மீன்களைக் காணவில்லை.

அவள் அழைத்துக் காட்ட, வச்சிரவேல் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “வேற யார்கிட்டயாவது காட்டினியா?”

இல்லை என்று தலையசைத்தாள்.

எச்சரிக்கை வந்தால் ஊரின் அபாய மணி தானாக அடிக்காது. அந்தக் காலத்தில் ஒருமுறை இயந்திரம் வீணாக மணியடித்து, நெரிசலில் பலர் செத்தார்கள். அதனால் பார்த்தவர் பதில் சொன்னால்தான் அடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். மணி அடித்ததும் துளைப்பான்கள் பனியைக் குடைந்து, ஊரார் பதுங்க ஆழத்தில் அறைகள் அமைக்கும். ஒரு மாத வேலை. கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது; வரப்போகும் மார்கழி நடுப்பகுதிக்குள் முடித்துவிடலாம். திருமேனியின் பெயரை எடுத்துவிட்டு உயிரோடிருக்கும் ஒருவர் பெயரைப் போட்டால் பதில் சொல்லிவிடலாம். அதற்கு வீட்டுத் தலைவரின் விரல்ரேகை வேண்டும்.

“விரலைக் குடுங்கப்பா” என்றாள் நப்பின்னை.

“குடுத்தா?”

“பொழைச்சுக்குவோம். ஊரே பொழைச்சுக்கும்.”

“பேரு மாறின தேதி அதுல விழுமே. ஆறு வருஷமா இந்த வீட்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லியான்னு கேப்பாங்க. எங்கப்பா பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க.”

“தாத்தா செத்துட்டாருப்பா. அவரை யாரு என்ன சொல்லப் போறாங்க?”

அவர் திரையை அணைத்தார். “பன்னெண்டு வீடு இருக்கு. எல்லார் வீட்லயும் தொலைநோக்கி இருக்கு. மொதல்ல நாமதான் வாயைத் தொறக்கணுமா? அவங்க வந்து தட்டு மாத்திட்டுப் போகட்டும். அப்புறம் பாக்கலாம்.”

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மேற்குக் குமிழின் தலைவர் கண்ணாயிரம் எதையும் நின்று நிதானித்துச் செய்பவர். இந்தச் சம்பந்தத்தைப் பற்றி மூன்று ஆண்டுகள் யோசித்தவர். கல்யாணம் தையில்தான், ஒருநாள்கூட முன்னால் ஆகாது என்று சொல்லியனுப்பியவரும் அவரே.

அவர் மனைவி திரட்டியை ஓட்டினாள். திருமேனியின் பெயர் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓர் இடைவெளி இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை, “எங்க பெரியவரும் இப்படித்தான். உசுரோட இருந்தப்ப எட்டு மணிக்கே குறட்டை. செத்தப்புறம்தான் கண்ணே மூடுறதில்ல” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்தது பெண் வீட்டாரின் முறை. நப்பின்னை உட்கார்ந்தாள். ‘திரட்டு’ என்று தட்டிவிட்டு விரலை எடுத்தாள். வச்சிரவேல் ஓரடி முன்னால் வந்தார். ஆனால் அவர் வாய் திறப்பதற்குள் கண்ணாயிரம் எழுந்து வந்து, விசைப்பலகைமேல் கையை வைத்துவிட்டார்.

“பார்த்தவர்னு போடும்மா” என்றார் மெதுவாக. “அது மட்டும் போதும்.”

மணிப்பள்ளத்தில் யாரும் யாருக்கும் அதை நினைவூட்டியதில்லை. மூச்சு விடும்படி நினைவூட்டுவார்களா? நப்பின்னை நிமிர்ந்து மாப்பிள்ளை சேந்தனைப் பார்த்தாள். அவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னபடியே தட்டினாள். மேற்குக் குமிழின் இறந்தவரும் ஓர் இரவு தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை நீட்டும்போது கண்ணாயிரம், “சம்பந்தி, தை வரைக்கும் எதுக்குங்க?” என்றார். “இந்த மாசமே முடிச்சிடலாமே.”

வச்சிரவேல் அவர் முகத்தைப் பார்த்தார். அவரும் பார்த்தார். இருவரில் எவரும் இமைக்கவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை. பிறகு வச்சிரவேல், “உங்க இஷ்டப்படியே” என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

அன்று பிற்பகலே, குமிழ்களுக்கு நடுவே இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனார். மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் பொன்னுருவி அவரைப் பார்த்ததும் கையைப் பிசைந்தாள்.

“இந்த மாசமா? இடமே இல்லீங்களே. என்ன வந்துச்சுன்னு தெரியல, எல்லா வீட்டுக்காரங்களும் எல்லாத்தையும் முன்னால இழுத்துட்டாங்க. வடக்குக் குமிழ்க்காரருக்கு அம்பத்தேழுதான் ஆகுது, அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் கேட்டு வாங்கிட்டுப் போறாரு. தை மாசம்னா சொல்லுங்க, எந்த நாள் வேணும்னாலும் தர்றேன். முழுக்கக் காலியாக் கெடக்கு. ஒருத்தரும் கேக்கல.”

கண்ணாடிக் கூரைக்கு மேல் வியாழனின் விளிம்பு தெரிந்தது. அதற்கு அருகே வானத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. வச்சிரவேல் மேலே பார்க்கவில்லை.

“கார்த்திகையில எதுவுமே இல்லியா?”

“வெள்ளிக்கிழமை விடியக்காலையில ஒண்ணு இருக்கு. ஊரு தூங்கிட்டிருக்கும்.”

“அது போதும்.”

பொன்னுருவி ரேகைத் தட்டை நகர்த்தினாள். காலையில் மகளுக்குக் கொடுக்காத விரலை அவர் உடனே வைத்தார்.

“யார் பேர்ல பதியட்டுங்க?”

வச்சிரவேல் முதுகை நிமிர்த்தினார்.

“எங்கப்பா பேர்ல.”