நிறைஞ்சிருக்கு

செல்லை மாற்றினாலும் மூலை மாறவில்லை. நாகேஸ்வரனை முதலில் உறுத்தியது அதுதான்.

கோட்டைக்குள் இருந்த அந்தப் பழைய வரிசை வீட்டின் அரிசி அறையில், பதினாறு லித்தியம் செல்களை அடுக்கி, செப்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று பூட்டி, மாடியில் பதித்த சோலார் பலகைகளோடு இணைத்து, அவர் தன் கையாலேயே ஒரு பாட்டரி கட்டியிருந்தார். வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவர் மின்சாரம் கற்றது யூடியூபில். ஆனாலும் குடியிருப்போர் சங்கத்தில் அதைப் பற்றி அவர் ஆற்றிய உரையில் தாமஸ் ஆல்வா எடிசன் இரண்டு இடங்களில்தான் வந்தார். மற்ற இடங்களிலெல்லாம் நாகேஸ்வரனே வந்தார். 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு' என்று முடித்தபோது, பிள்ளையே பிறக்காத வீட்டுக்காரரைப் பார்த்துக் கைதட்டுவதா வேண்டாமா என்று சபை கொஞ்சம் திணறியது.

பெருமை ஒருபுறம். காரணம் வேறு. மனைவி சீதாலக்ஷ்மியின் நுரையீரல் பழுது; கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கறண்ட் போகும். மெஷின் நின்றால் அவளுக்கு மூச்சு இல்லை.

ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு மீதி என்று ஃபோன் காட்டும். பகல் முழுக்கப் பதினாறும் ஒரே அளவு. விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரோர மூலையில் இருப்பது மட்டும் சரியும். ஒன்று சரிந்தால் மொத்தமும் நின்றுவிடும் என்பது அந்த அமைப்பின் நியாயம். மூலைச் செல்லைக் கழற்றி மறுகோடியில் வைத்தார். அங்கே அது சமர்த்தாக இருந்தது. மூலைக்கு வந்த நல்ல செல் அன்று சாயங்காலமே சரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சீதாலக்ஷ்மியின் தலைமாடு. செல் சரிகிற அதே வேளையில் அவள் கன்னத்தில் இரத்தம் ஏறும். குழாயை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு எதற்கோ சிரிப்பாள்.

"எந்தா மாமா, பாட்டரி இன்னும் பொட்டித் தெறிக்கலையா?" என்று கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டான் பக்கத்து வீட்டு வெங்கிடேஷ்.

"இது சயன்ஸ்டா. உன் ஐ.டி. கம்பெனில பட்டன் தட்டற ஜோலியில்லை."

தொழிற்சங்கத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்த மனிதர், கடைசியில் சமத்துவத்தைக் கூரியரில் வரவழைத்தார். உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை; பெயர் பாலன்ஸர்.

"இருக்கற செல்லுகிட்டேர்ந்து எடுத்து, இல்லாததுக்குக் கொடுக்கும். எல்லாம் சமமாற வரைக்கும் விடாது."

"எடுக்கறச்சே, குடுக்கறவாளைக் கேக்குமோ?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"செல்லை என்னத்தைக் கேக்கறது?"

"ஷரி."

பலகையை மாட்டிய நாளிலிருந்து அரிசி அறையில் ஒரு சத்தம் குடியேறியது. ஈர நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிறாற்போல், சின்னதாக, விட்டுவிட்டு. கூடவே ஒரு வாசனை: இப்போதுதான் அணைந்த திரியின் வாசனை, அந்த அறையில் யாரும் திரி கொளுத்தியதேயில்லை. பாட்டரிப் பெட்டியின் மேல் கழற்றி வைத்த கைக்கடிகாரம் நின்றது. மூலைச் சுவரில் அசையாமல் இருந்த பல்லியை விரட்ட விளக்குமாற்றால் தொட்டார். காய்ந்த வெற்றிலைபோல் நொறுங்கி உதிர்ந்தது. அவருக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசு என்று சொல்லிக்கொண்டார். சயன்ஸ்காரர் அல்லவா, எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருப்பார்.

அன்று சாயங்காலம் பழவங்காடிக் கடைத்தெருவுக்கு ஃபியூஸ் வாங்கக் கிளம்பினார்.

"அரிசி நிறைஞ்சிருக்கு. வரச்சே வாங்கிண்டு வாங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வீட்டில் எதுவும் தீர்ந்ததாகச் சரித்திரமில்லை. அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம் எல்லாம் நிறையும். 'இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னால் இல்லாமை வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும் என்பது பெண்கள் வழிவழியாகக் கட்டிக்காத்த பயம்.

கணபதி கோயிலைத் தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. அரிசிக்கடையில் ஒதுங்கினார். கடைகள், கோபுரம், தெருவிளக்கு, எல்லாம் ஒரே இழுப்பில் இருண்டன. ஃபோனை எடுத்து வீட்டைக் கூப்பிட்டார்.

"கறண்ட் போயிடுத்தே. பாட்டரி எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு."

தெளிவான குரல். மூச்சிரைப்பே இல்லை.

அவர் நிமிர்ந்து நின்றார். ஒதுங்கியிருந்தவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஊரெல்லாம் இருட்டு. எங்காத்துல மட்டும் வெளிச்சம். எல்லாம் நானே கட்டினது." உரை விரிந்தது. சூரியன், அணு, தற்சார்பு. தப்பியோட முடியாதபடி மழையும் துணை நின்றது.

கடைக்காரர் பிச்சைக்கனி சாக்கை அவிழ்த்தார். "சாமிக்கு எத்தன கிலோ?"

"அஞ்சு போடு. ஆத்துல அரிசி நிறைஞ்சிருக்காம்."

"நிறைஞ்சிருந்தா பெறவு எதுக்கு வாங்குதீய?" என்று பிச்சைக்கனி சிரித்தார்.

நாகேஸ்வரன் சிரிக்க வாய் திறந்தார். வாய் அப்படியே நின்றது.

நிறைஞ்சிருக்கு.

அவள் குரலுக்குப் பின்னால் மெஷின் முனகல் கேட்கவில்லை. இப்போதுதான் அது காதில் விழுந்தது, கேட்காமல் போன அந்தச் சத்தம்.

மறுபடி கூப்பிட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அரிசியை விட்டார், குடையை விட்டார். ஓடினார். முழங்கால் வரை சாக்கடை நீர். மூச்சு பாதியில் அறுந்தது. தெரு முழுக்கக் கரி அப்பினாற்போல் இருட்டு.

ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம்.

அவர் வீடு.

அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தபடி உள்ளே நுழைந்தார். திரி வாசனை. கூடத்து பல்பு கண் கூச எரிந்தது. அரிசி அறைக்குள் போய்ப் பாட்டரிப் பெட்டியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. நனைந்த விரலால் ஃபோனைத் தேய்த்தார்.

பதினாறு செல். பதினாறும் பூஜ்யம். வித்தியாசம், பூஜ்யம்.

இத்தனை நாள் அவர் தவமிருந்த சமநிலை.

பல்பு எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடினார். மெஷினின் ஒயர் அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. குழாய் அதன் மேல். சீதாலக்ஷ்மி கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தில் பார்த்த முகம். தோலுக்குக் கீழே ஏதோ எரிந்தது. மார்பு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"நனைஞ்சுட்டேளே. வாங்கோ."

"சீதா... நீ..."

"நிறைஞ்சிருக்குன்னு சொன்னேனே. காதுல வாங்கலையா?"

கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கை தானாகப் போனது. அவள் விரல்கள் சுட்டன. நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம், இப்போது அரிசி அறையிலிருந்து அல்ல. அவர் மணிக்கட்டிலிருந்து.

ஃபோன் தரையில் விழுந்து மல்லாந்தது. பதினாறு பூஜ்யங்களுக்குக் கீழே, சற்றுமுன்வரை இல்லாத ஒரு வரி. பதினேழாவது செல்.

அது இறங்கிக்கொண்டிருந்தது.

விரல் நுனி மரத்தது. முழங்கை. தோள். கத்த நினைத்தார். கத்தக் காற்று வேண்டும்.

வெளியே வெங்கிடேஷ் கம்பிக் கதவைத் தட்டினான். "மாமீ! நம்ம தெருவில இவிடே மாத்ரம் வெளிச்சம்! மாமா கொள்ளாம், பலே ஆள்தான் கேட்டேளா! எவிடே மாமா? உள்ளே இருக்காரா?"

தலைக்கு மேல் பல்பு இன்னும் கொஞ்சம் பிரகாசமானது. சீதாலக்ஷ்மி கையை விடாமல் வாசல் பக்கம் திரும்பினாள். குரல் மணிபோல் இருந்தது.

"மாமாவா? நிறைஞ்சிருக்கார்."