பெண்கள் சாப்பாடு

"ஆம்பளைங்க கீரை தின்னமாட்டாங்க!" என்று தட்டைத் தள்ளினான் லூவோ. மாடு மேய்க்கும் பையன்களோடு சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பெருமை.

"முளைச்சு மூணு இலை விடல, ஆம்பளையாம்!" என்றாள் அக்கா நோக்வேசி.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் கீரையைத் தொட்டதே இல்லை. ம்பாஷே ஆற்றங்கரையில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். காட்டுக்கீரைக் களி பெண்கள் சாப்பாடாம்! இதை யார் கிளப்பிவிட்டார்களோ, நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மக்காச்சோளக் களி தொண்டையில் இறங்கவில்லை. புற்றுநோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"கீரை சாப்பிட்டா சரியாகுமா அக்கா?" என்று நர்ஸிடம் கேட்டாள் நோக்வேசி.

"கீரையில இருக்கிற சில சத்துங்க இந்த நோய் வராம தடுக்கலாம்னு சொல்றாங்க. அதுவும் உறுதியா தெரியல. வந்த நோயை அது விரட்டாதும்மா. கரைச்சுக் குடு, முழுங்கவாவது சுலபமா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கீரையைக் குழைய வேகவைத்து, மாவு கரைத்துக் கொண்டுபோனாள்.

"அது பொம்பளைங்க சாப்பாடு" என்று முகத்தைத் திருப்பினார் அப்பா.

"பொம்பளைங்க நாங்க நல்லாத்தானே முழுங்குறோம்!" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

அப்பா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "கதவைச் சாத்து. லூவோ பாக்க வேணாம்."

"அவன் பாக்கணும்ப்பா. உங்களைப் பாத்துத்தானே அவனும் தின்னமாட்டேங்கிறான்?"

நோக்வேசி கதவை அகலத் திறந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

வாசலில் நின்ற லூவோ, அப்பா கீரையை உறிஞ்சுவதையும், ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடுவதையும் பார்த்தான்.

"அப்பா, பையனுங்க பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நானும் சிரிச்சவன்தான். உக்காரு."

நோக்வேசி இன்னொரு கிண்ணம் வைத்தாள். லூவோ ஒரு வாய் எடுத்தான்.

"கசக்குது."

"ஆமா. எனக்கே இப்பத்தான்டா தெரியுது."

லூவோ முகத்தைச் சுளித்துக்கொண்டே மளமளவென்று விழுங்கினான். அப்பா தன் கிண்ணத்தை மறந்து, மகனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.