மேலே இழுத்த கை

மதிய உணவு வேளை. விமானங்களை நிறுத்தும் ஹேங்கரில் ஆள் நடமாட்டம் இல்லை. எரிபொருள் வாடையும் பழைய ரப்பரின் நாற்றமும் கலந்த அரையிருட்டில் அந்தக் கிழட்டுப் போர் விமானம் நின்றது. பொறியாளர் ஏணியில் ஏறி, விமானியின் இருக்கையில் உட்கார்ந்தாள்.

அவள் வடிவமைத்த பெட்டியை அன்று காலையில்தான் அதில் பொருத்தியிருந்தாள். விமானி மயங்கி, விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தால், அந்தப் பெட்டி தானாகவே அதை மேலே இழுத்துவிடும்.

போன வருடம், இதே மாதிரிப் பெட்டி இருந்தும், விமானியான அவளுடைய தம்பி மலையில் மோதிச் செத்தான்.

"உன் பெட்டி கைவிட்டுடுச்சு" என்று அன்று சொன்னவர் அவள் கணவர். அந்தப் படைப்பிரிவின் தலைவர் அவர். தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நம்பித்தான் அவள் அதை முதலிலிருந்து திரும்பச் செய்தாள்.

ஹெட்செட்டை மாட்டினாள்.

மூச்சு கேட்டது.

வேகமான திருப்பத்தில் மயங்காமலிருக்க விமானிகள் வயிற்றை இறுக்கிக்கொண்டு, திணறித் திணறி விடும் மூச்சு. விமானத்துக்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை.

"யாரு?"

"அக்கா..."

தம்பியின் குரல்.

"உன் மேல தப்பில்லக்கா. அத்தான்தான் அத அணைச்சு வைக்கச் சொன்னாரு."

விமானத்தை மேலே தூக்க இழுக்கும் ஸ்டிக் மெல்லப் பின்னால் நகர்ந்து அவள் கையில் முட்டியது. பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது.

தட்டுத்தடுமாறி இறங்கினாள். கீழே கணவர் நின்றிருந்தார்.

"அன்னிக்கு அவன் விமானத்துல பெட்டிய அணைக்கச் சொன்னீங்களா?"

"யாரு சொன்னது?"

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"சொல்லுங்க!"

"தாழப் பறந்தா சும்மா சும்மா மேல இழுத்துச்சு. குறி தப்புச்சு. பெரிய அதிகாரிங்க பயிற்சியப் பார்க்க வந்திருந்தாங்க... ஒரு நாள்தானேன்னு..."

"நான் ராத்திரியெல்லாம் அழுததப் பக்கத்துலயே படுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!"



அன்றே விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. பதவி போயிற்று. அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு விமானமாகப் பெட்டியைப் பொருத்தும் வேலையை மட்டும் விடவில்லை.

ஒரு நாள், தரையிறங்கிய விமானி ஒருவன் நேராக அவளிடம் ஓடிவந்தான்.

"மேடம், உங்க பெட்டி இல்லன்னா நான் இல்ல. திருப்பத்துல மயங்கிட்டேன். கண்ணத் தொறந்தா மலைக்கு மேல இருக்கேன்! யாரோ என் கைமேல கை வச்சு இழுத்த மாதிரியே இருந்துச்சு."

"எந்த விமானம்?"

அவன் வரிசையின் கடைசியில் நின்ற விமானத்தைக் காட்டினான்.



அதில் அவள் இன்னும் பெட்டியே பொருத்தவில்லை.