மீதியானின் பெண் பிள்ளைகள்

கேசட்டைத் திரும்ப ஓடவிட்டபோது ஜெயலீலாவின் குரல் ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றது. அந்த மூச்சோடு இன்னொரு மூச்சும் கேட்டது.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். தன் மூச்சு தனக்குத் தெரியாதா? அது முடிந்த பிறகும் யாரோ மைக்குக்கு மிக அருகில், அழுது ஓய்ந்த குழந்தையைப்போல விட்டுவிட்டு மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வாங்கிய அந்தப் பழைய வீட்டின் பேஸ்மென்டில் எதுதான் சத்தம் போடவில்லை? 1996 ஜனவரி, ஞாயிறு மதியம். காலையில் தொடங்கிய பனிப்புயல், பேஸ்மென்டிலிருந்து பின்முற்றத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவின் அடிப்பகுதியை மூடிவிட்டது. சாலைகளை அடைத்துவிட்டார்கள். வங்கி வேலைக்காக நேற்று ஜெர்சி சிட்டிக்குப் போன கணவன் சுந்தர்சிங் அங்கேயே மாட்டிக்கொண்டான். வீட்டில் அவளும் ஒன்பது வயது ஆஷ்லியும்தான்.

பார்வை மங்கிய முதியவர்களுக்காக, தமிழ்ச் சபையில் ஆளுக்குக் கொஞ்சமாக வேதாகமத்தைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தார்கள். ஜெயலீலாவுக்கு வந்தது மீதியானியரோடு இஸ்ரவேலர் செய்த யுத்தம். மார்த்தாண்டத்தில் ஞாயிறு பள்ளி நாளிலிருந்து தெரிந்த கதை. ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது அது வேறாக இருந்தது. மீதியானின் ஆண்களைக் கொன்று, ஊர்களைக் கொளுத்திவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்து வருகிறார்கள். இவர்களை ஏன் உயிரோடு விட்டீர்கள் என்று மோசே கோபப்படுகிறான். சிறுவர்களையும் தாய்மார்களையும் கொல்லச் சொல்கிறான். புருஷனை அறியாத சிறுமிகளை மட்டும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். முப்பத்திரண்டாயிரம் பேர். அதில் முப்பத்திரண்டு பேர் ஆண்டவரின் பங்கு.

மூச்சுச் சத்தம் அந்த இடத்தில்தான் இருந்தது.

அழித்துவிட்டு மீண்டும் பதிந்தாள். மீண்டும் அதே இடம். இம்முறை ஒரு மூச்சல்ல, பல. அறையில் ஈர ஆட்டு ரோமத்தின் வாடையும் தீய்ந்த கூடாரத் துணியின் வாடையும் மெல்ல ஏறின.

மாடிப்படியில் ஆஷ்லி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாளோ.

“அம்மா, தோஸ் கேர்ள்ஸ்... வேர் ஆர் தேர் மாம்ஸ்?”

“நீ மேல போ, கண்ணு. டிவி பாரு.”

“தே கில்ட் தெம், ரைட்?”

ஜெயலீலா புத்தகத்தை மூடினாள். அந்த நேரம் போன் அடித்தது. சபை மூப்பர் தேவமணி.

“என்னம்மா, ரெக்கார்டிங் முடிஞ்சுதா?”

“அங்கிள், அந்த ஒரு பகுதிய என்னால வாசிக்க முடியல.”

“அதுக்கென்ன? ஃபாஸ்டா வாசிச்சிட்டுப் போயிடு. யாரு உக்காந்து யோசிக்கப் போறா? மீதியான் பொம்பளைங்கதானே நம்ம ஜனத்த மயக்கி விக்கிரகத்துக்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அது தீர்ப்பு.”

“எட்டு வயசுப் பிள்ள யார மயக்கிச்சு, அங்கிள்?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

“மோசே எகிப்துலேர்ந்து தப்பிச்சு ஓடினப்ப வீட்டுல சேத்துக்கிட்டது மீதியான்காரங்கதானே? பொண்ணும் குடுத்தாங்க. அவரு பொண்டாட்டி ஊருப் பிள்ளைங்கதானே இவங்க?”

“ஜெயலீலா, இதெல்லாம் நாம கேக்கக் கூடாது.”

“நான் கேக்கறேன்.”

லைன் அறுந்தது. விளக்குகள் ஒருமுறை சிமிட்டி மறுபடி எரிந்தன. நான்கரை மணிதான், ஆனாலும் வெளியே பனி நீலமாகிவிட்டிருந்தது.

அவள் மைக்கை எடுத்தாள். புத்தகத்தைப் பார்க்காமல் பேசினாள். “இந்தப் பிள்ளைங்க ஒருத்தி பேருகூட இங்க எழுதலை. ஆடு, மாடு, கழுதை எண்ணின மாதிரி எண்ணியிருக்காங்க. இத ஜெயம்னு நான் வாசிக்க மாட்டேன்.”

சொல்லி முடித்து நிறுத்தினாள். மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. அது இப்போது கேசட்டில் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தது.

முழங்காலளவு பனியில், வேலிப்பக்கம் எந்தத் தடமும் இல்லாமல், முற்றத்தின் நட்டநடுவிலிருந்து தொடங்கியிருந்தன காலடிகள். சின்னக் காலடிகள். செருப்பில்லாதவை. விரல்கள் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன. கதவுவரை வந்து நின்றன. அங்கே யாரும் இல்லை. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் மட்டும் வரிசையாக ஆவி படர்ந்து மறைந்தது. மறுபடி படர்ந்தது.

திறக்காதே என்றது உடம்பு முழுவதும்.

அவள் திறந்தாள்.

குளிர் உள்ளே பாய்ந்தது. பனி சரிந்து கம்பளத்தில் விழுந்தது. பிறகு ஈரப் பாதங்கள். ஒன்று. மூன்று. பத்து. அவளை உரசிக்கொண்டு, ஓசையில்லாமல் சோபாவின் பின்னால், படியின் கீழே, ஆஷ்லி நின்ற இடத்தைச் சுற்றி. கம்பளம் கறுத்து நனைந்துகொண்டே போனது.

“அம்மா,” ஆஷ்லியின் குரல் மிகச் சின்னதாக வந்தது. “தே ஆர் ஸோ கோல்ட்.”

“தெரியும்மா. இருக்கட்டும். பயப்படாத.”

கதவை இழுத்துப் பூட்டினாள். நிமிர்ந்தாள்.

முற்றத்தில் ஆண்கள் இருந்தார்கள்.

பனியில் மண்டியிட்டிருந்தார்கள். இடுப்புவரை வெற்றுடம்பு. இரண்டு கைகளாலும் பனியை அள்ளித் தங்கள் துணிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். கொன்றவர்கள் ஏழு நாள் படை தங்கிய பாளையத்துக்கு வெளியே தங்கித் துணிகளைத் தோய்க்க வேண்டும் என்று அவள் அரைமணி முன்புதான் வாசித்திருந்தாள். அவர்களைச் சுற்றிப் பனி சிவந்திருந்தது. பக்கத்து வீட்டு முற்றத்திலும். அதற்கடுத்த முற்றத்திலும். வேலிகளைத் தாண்டி, ரூட் பதினெட்டு நெடுஞ்சாலைப் பக்கம் வரைக்கும், குனிந்த முதுகுகள்.

ஒருவன் எழுந்தான். எல்லாரும் எழுந்தார்கள்.

முன்னால் வந்தவனின் தாடியில் சாம்பல் ஒட்டியிருந்தது. கோபமில்லாத முகம். நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவனின் முகம். அதுதான் அவளை அதிகம் நடுங்கவைத்தது. கண்ணாடிக்கு வெகு அருகில் வந்து நின்றான். அவன் வாயருகே ஆவி படரவில்லை.

“ஆண்டவருடைய பங்கு,” என்றான். தமிழில். ஆராதனையில் வாசிப்பதுபோல, நிறுத்தி, நிதானமாக.

“இங்க யாரும் யாரு பங்கும் இல்ல.”

“எண்ணப்பட்டவர்கள்.”

“எண்ணினவன்கிட்டப் போய்ச் சொல்லு. நான் தர மாட்டேன்.”

பனி அள்ளும் இரும்பு மண்வெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. எடுத்தாள். கனத்தது. நடுக்கம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அவன் விரலை உயர்த்தினான். அவளைத் தாண்டி அறைக்குள் நீட்டினான். உதடு அசைய எண்ணினான். சோபாவின் பின்னால். படியின் கீழே. முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

விரல் நிற்கவில்லை. இன்னும் ஒன்று நகர்ந்தது, ஆஷ்லியை நோக்கி.

ஜெயலீலா அந்த விரலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். காலை அகட்டி ஊன்றினாள்.

“வாங்கடா,” என்றாள்.

கண்ணாடி முழுக்க முகங்கள் வந்து பதிந்தன. கதவுச் சட்டம் நெரிந்தது. மூலையிலிருந்து மெல்லிய கோடொன்று கண்ணாடியில் கீறிக்கொண்டு இறங்கியது. அவள் மண்வெட்டியை ஓங்கினாள். பின்னாலிருந்து கைகள் அவள் ஸ்வெட்டரைப் பற்றின. சின்னக் கைகள், கணக்கில்லாமல், எல்லாம் பனிக்கட்டி. நடுவில் ஒரே ஒரு கை வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் திரும்பவில்லை. கையைத் தாழ்த்தவும் இல்லை.

அந்த ஒரு கையும், விரல் விரலாக, சில்லிட்டுக்கொண்டு வந்தது.