அடுப்பில் படுத்தது

மார்கழி பிறந்துவிட்டால் செண்பகவல்லியின் மூன்று பூனைகளுக்கும் அடுப்புதான் மெத்தை. ராத்திரி சமையல் முடிந்து சாம்பல் ஆறும்போது உள்ளே போய்ச் சுருண்டால், விடியற்காலையில் விளக்குமாற்றால் தட்டினால்தான் அந்த மகராசிகள் எழுந்து வரும். இன்று ஒன்றையும் காணோம்.

சிம்னி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். சாம்பல் பள்ளமாக அமுங்கியிருந்தது. பூனை படுத்த பள்ளம் இல்லை, அதைவிடப் பெரிது. தொட்டால் இன்னும் சூடு.

"நாய் கீய் நுழைஞ்சிருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. "மோட்டாருக்குக் கரண்டு வந்துட்டு. கடைசி வரிசைக்குப் பாய்ச்சிட்டு வாரேன், கதவப் போட்டுக்கோட்டி" என்று புருஷன் மூக்காண்டி தோட்டத்துக்குள் இறங்கியதும் அவளே போட்டது.

பின்கதவைத் திறந்தாள். எலுமிச்சை மரங்களெல்லாம் பனிக்குள் கருப்புக் குவியலாக நிற்க, நனைந்த மண்வாடையும் இலைவாடையும் மூக்கில் ஏற, எங்கோ தொலைவில் பம்புசெட் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லின்மேல் மூன்று பூனைகளும் முடி சிலிர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"உள்ள வாங்கட்டி, குளிருதுல்லா."

அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்த்தன.

உள்ளே தொட்டில் கயிறு கிறீச்சிட்டது.

கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. இன்னும் குப்புற விழக்கூடத் தெரியாது. உள்ளே ஓடினாள். ஓடிய வேகத்தில் விளக்கு அணைந்தது. கும்மிருட்டு. சாம்பல் வாடை. தடவித் தடவித் தொட்டிலைப் பிடித்தாள், கைக்குக் கிடைத்த பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

அப்பாடா என்றிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

பூனைகள் சீறின. கல்லிலிருந்து குதித்து இருட்டுக்குள் ஓடின.

அப்போதுதான் உறைத்தது. விடியும்போது எப்போதும் பிள்ளை நனைந்து, சில்லென்று இருக்கும். இது நனையவில்லை. சுட்டது.

"ஏங்க! ஓடி வாங்களேன்!"

மோட்டார் சத்தத்தில் அவள் குரல் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்குள், தொட்டிலிலிருந்து, பிள்ளை அழுதது. பசி அழுகை. அவளுக்குத் தெரியாத அழுகையா? கேட்டதுமே மார் கட்டி, பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஓட நினைத்தாள். கழுத்துப் பிடி இறுகியது.

அழுகை பெரிதானது.

தோளில் கிடந்தது ஒரு கையை எடுத்து, அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தது.