எல்லாக் காவலும் விழித்த நாள்

கணினித் திரையில் புள்ளிகள் ஒரே மூலையில் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தன. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். அந்த மூலையில் நூற்றுக்குப் பத்துப் புள்ளி வந்தாலே அதிகம். இன்று முப்பது. கருவியைக் கழுவி, மாதிரியை மறுபடி ஓட்டினாள். குளிர்பெட்டியின் ரீங்காரம், ஸ்பிரிட் வாடை, மேசைமேல் நீண்டு கிடந்த மதிய வெயில், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. மறுபடியும் முப்பது.

குழாயில் ஒட்டியிருந்தது தங்கையின் பெயர்.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் ரத்தத்தில் ஓடும் ஒரு டி செல். டி செல் ஒவ்வொன்றும் ஒரு காவல்காரன். தனக்குரிய ஒரு எதிரியின் முகத்தை வேறொரு செல் பிடித்துக் காட்டினால்தான் எழும். லட்சத்தில் ஒன்றிரண்டு எழுந்தாலே போதும். ஆனால் சில கிருமிகளின் நஞ்சு முகமே காட்டாது. முகம் காட்டுகிற செல்லையும் காவல்காரனையும் பக்கவாட்டில் பிடித்து இறுக்கிவிடும். அப்போது திரையில் ஒரே மூலையில் விழும் வகைக் காவலர்கள் மொத்தமாக விழித்துக்கொள்வார்கள். யாரை அடிப்பது என்றே தெரியாமல்.

நாலு நாளுக்கு முன்பு தங்கைக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். ரத்தம் ஊறிய பஞ்சில்தான் அந்தக் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும்.

மாடி வார்டில் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மூக்குல இருக்கிற பஞ்சை உடனே எடுத்துடுங்க டாக்டர்."

"காலையிலேயே எடுத்தாச்சும்மா. மருந்தும் போகுது. பிரஷர்தான் ஏற மாட்டேங்குது. நீங்க வந்துடுங்க."

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. கையுறையைக் கழற்றினாள், கை கழுவினாள், விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினாள்.

வெயிலே படாத தங்கை வெயிலில் வெந்தவள்போல் சிவந்து கிடந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"உன் உடம்புல காவலுக்கு இருக்கிறவங்க கூட்டமா முழிச்சுக்கிட்டாங்க."

"நல்லதுதானே. எனக்காகத்தானே சண்டை போடுறாங்க?"

 அந்தச் சண்டைக் கூச்சலில்தான் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசிந்துகொண்டிருந்தன. நர்ஸ் பாட்டிலை மாற்றினாள். இன்னொன்று. பிரஷர் எழுபது. அறுபத்தைந்து. விரல் நுனிகள் சில்லிட்டன. நகங்கள் நீலம் பாய்ந்தன. அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் தோன்றவில்லை. மரக்கட்டையை மரக்கட்டை பிடித்ததுபோல.

தங்கை கண் திறந்தாள். வெள்ளை விழி முழுக்க ரத்தச் சிவப்பு.

"நீங்க யாரு?"

பேச்சு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட 'நீங்க' என்று சொல்லாதவள்.

"நான்தான்டி. அக்கா."

"இல்லைங்க. எங்க அக்கா கீழ லேப்ல இருக்கா. கொஞ்சம் வரச்சொல்லுங்க."

அக்கா அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வந்துக்கிட்டிருக்கா" என்றாள்.

தங்கை தலையாட்டினாள். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூச்சு நீண்டது. தேய்ந்தது. நின்றது.

கருவி கத்தியது. ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ அவளை விலக்கினார்கள். நெஞ்சை அழுத்தும் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அந்தச் சிவந்த தலை ஆடியது. கண்கள் மட்டும் ஆடவில்லை. இமைக்காமல், வாசலையே பார்த்தபடி.